அவர் வாய் பட்ட கடைகள்

அவருக்கு எதிரே உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் குறைவு. என் பழைய டயரிகளில் மதியச் சாப்பாட்டுக்கு நேராகச் சில நாட்களில் 'பாதி' என்று எழுதியிருக்கும். பாதியில் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பக்கங்களை இப்போது புரட்டினால், அநேகமாக அந்த நாட்களிலெல்லாம் எதிர் பெஞ்சில் அவர் இருந்திருக்கிறார்.

இருபத்தாறாவது வயதில் எனக்கு வயிற்றுப் புண் வந்தது. எதைச் சாப்பிட்டால் வலி வருகிறது என்று தெரிந்துகொள்ள, அன்றன்று சாப்பிட்டதை எழுதி வைக்கும்படி டாக்டர் சொன்னார். புண் ஆறிவிட்டது. எழுதுவது நிற்கவில்லை. தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் அப்போது குமாஸ்தாவாக இருந்தேன். பழைய துறைமுகத்துக்கும் திரேஸ்புரத்துக்கும் நடுவே ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். சமைக்கத் தெரியாது. அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த எல்லாக் கடைகளிலும் சாப்பிட்டிருக்கிறேன். எந்தக் கடை, என்ன பதார்த்தம், எப்படி இருந்தது என்று நாளுக்கு மூன்று வரி.

அவர் ஒரு வரிகூட எழுதியவரில்லை. ஆனால் அங்கே எந்தக் கடை ஓடும், எந்தக் கடை படுக்கும் என்பது அவர் சொல்வதில் இருந்தது.

அவர் உப்புத் தரகர். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். தினமும் வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, நெற்றியில் காயாத சந்தனம். ஆளைத் தூரத்தில் பார்த்தால் கோயிலுக்குப் போகிறவர் என்று தோன்றும். சட்டைப் பையில் நாலைந்து காகிதப் பொட்டலங்கள் வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் ஓர் உப்பளப் பாத்தியின் உப்பு. லாரிக்காரர்களும் வெளியூர் வியாபாரிகளும் அவரைத் தேடி டீக்கடைக்குத்தான் வருவார்கள். பொட்டலத்தைப் பிரிப்பார். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து, உப்பில் தொட்டு, நக்கிப் பார்ப்பார். அதே விரலை மறுபடி நனைத்து மறுபடி தொடுவார். பிறகு பொட்டலத்தை வந்தவரிடம் நீட்டி, "வாயில போட்டுப் பாருங்க அண்ணாச்சி, கசக்குதா பாருங்க" என்பார். வியாபாரிகள் போட்டுப் பார்த்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அவருடைய நாக்கைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது தப்பே செய்யாது. கண்ணை மூடிக்கொண்டு நக்கி, எந்தப் பாத்தி உப்பு என்று சொல்லிவிடுவார். சோற்றை ஒரு வாய் மென்று, குழாய்த் தண்ணீரில் வெந்ததா கிணற்றுத் தண்ணீரில் வெந்ததா என்பார். நான் இரண்டு முறை அடுப்படியில் போய் விசாரித்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர் சொன்னதே சரி. பேக்கரிக்காரர் மக்ரூனுக்கு முந்திரியைக் குறைத்து நிலக்கடலையைக் கலந்தபோது அதைக் கண்டுபிடித்தது அவர்தான். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, மிச்சத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "கடல வித்துப் பொழைக்கிறதுன்னா பீச்சுக்குப் போவும்வே" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடித்து வைத்த துண்டு மற்றவற்றோடு தட்டில் கிடந்தது. யாரும் அதை எடுத்துப் போடவில்லை. நான் அன்று மக்ரூன் வாங்காமல் திரும்பினேன்.

காப்பி கிளப்பில் அவர் செய்தது இன்னும் மோசம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஐயங்கார் ஒருவர் நடத்திய கிளப் அது. சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். காலை காப்பிக்காக நான் அரை மைல் நடந்து போவேன். தரகர் அங்கே டவராவை வாங்கி, ஒரு வாய் காப்பியை உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக் கொப்பளித்து, டவராவிலேயே திரும்பத் துப்புவார்.

"ரெண்டாவது டிகாஷன். மொதல்ல எறங்குனத எடுத்தாரும்" என்பார்.

ஐயங்கார் டவராவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். பிறகு புதுக் காப்பி வரும். ஒருநாள் நான் மெதுவாகக் கேட்டேன். "ஏன் சுவாமி இதெல்லாம் பொறுத்துக்கிறீங்க?"

"போன வருஷம் எதிர்ச்சாரியில ஒரு கிளப் இருந்ததே, ஞாபகம் இருக்கா?" என்றார் ஐயங்கார். "பாச்சை விழுந்த சாம்பார்னு இவர் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். இப்போ அங்கே சைக்கிள் கடை."

"நிஜமாவே கரப்பான் விழுந்ததா?"

"யார் கண்டா?" ஐயங்கார் டவராவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விழுந்துதான் இருக்கணும்னு எல்லாரும் சொல்றா."

பரோட்டாக் கடையில் அவருக்கு இலை போடமாட்டார்கள். தேவையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், "ஒரு வாயி பாக்கட்டுமா" என்று கேட்டுக்கொண்டே அந்த ஆளின் இலையில் கையை வைத்துவிடுவார். சால்னாவில் ஊறிய துண்டாகப் பார்த்துப் பிய்ப்பார். முழங்கைவரை எண்ணெய் வழியும். அதை நக்குவார். முதல்முறை வந்த லாரி டிரைவர் ஒருவர் கோபத்தில் எழுந்தபோது, பரோட்டா மாஸ்டரே கல்லை விட்டு இறங்கி வந்து டிரைவரைச் சமாதானப்படுத்தினார். "நீங்க வேற இலையில சாப்பிடுங்க அண்ணே. அவரு திங்கது நமக்கு நல்லதுதான்."

நல்லதுதான். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தெருவில் நின்று, "இன்னைக்கு சால்னா எடுப்பா இருக்குலே" என்று ஒரு வார்த்தை சொன்னால், உப்பளத்திலிருந்து வந்த கூட்டம் அந்தப் படியில்தான் ஏறும். எத்தனையோ பேர் என் எதிரிலேயே அவரிடம் கேட்டிருக்கிறார்கள்: "அண்ணாச்சி, இன்னைக்கு எங்கன சாப்பிடலாம்?" வைத்தியரிடம் கேட்பதுபோலக் கேட்பார்கள்.

அவர் வாய் படாத கடை ஒன்றுதான் இருந்தது. அது மைனி கடை.

திரேஸ்புரம் போகிற வழியில் ஓலைச் சாய்ப்பு, இரண்டு பெஞ்சு. மதியம் மட்டும் சோறு. கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கடற்கரைக் கிறிஸ்தவப் பெண்மணி. அண்ணியைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் மைனி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவள் கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, கரையில் வந்து இறங்கும் மீனைப் பார்த்து வாங்கிக் கொடுப்பார். மண்சட்டியில் அவள் கூட்டும் சீலா மீன் குழம்பை நான் டயரியில் மூன்று வரிக்கு மேல் எழுதியிருக்கிறேன்.

மைனிக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. அகப்பையில் எந்தத் துண்டு வருகிறதோ அதுதான் இலையில் விழும். தலையோ வாலோ நடுத்துண்டோ, கேட்டு வாங்க முடியாது. இன்னொன்று, திங்கட்கிழமை மீன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை கரையேறிய வள்ளங்கள் திங்கட்கிழமை விடியுமுன் இறங்கினால், முதல் மீன் கரைக்கு வரச் சாயங்காலமாகிவிடும். திங்கட்கிழமை மதியம் மீன் குழம்பு வைக்க வேண்டுமென்றால் சனிக்கிழமை மீனில்தான் வைக்க வேண்டும். அன்று அவள் முட்டைக் குழம்பு வைப்பாள்.

அவர் ஒரு புதன்கிழமை அங்கே வந்தார். பெஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அவர் பெஞ்சின் ஓரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் முதலில் விழுந்தது வால் துண்டு.

"ஏளா, நடுத்துண்டு போடு."

"அகப்பையில வாரதுதான் அண்ணாச்சி."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன. ஒங்களுக்கும் அகப்பை அதேதான்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். குழம்பு பிசைந்த கையோடு எட்டி, சட்டியில் கிடந்த அகப்பையைப் பிடித்துக் கிளறினார். அவர் கையிலிருந்து ஒரு பருக்கை குழம்பில் விழுந்ததை நான் பார்த்தேன். மைனியும் பார்த்தாள். சட்டியைத் துணி போட்டுப் பிடித்து இறக்கி, வெளியே கொண்டுபோய் மணலில் கவிழ்த்தாள். நிறையக் குழம்பு. காக்காய்கள் இறங்கின. திரும்பி வந்து, "மன்னிச்சுக்கிடுங்க, இன்னைக்கு ரசந்தான்" என்று எங்களிடம் சொன்னாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவர் நிதானமாகக் கை கழுவினார். பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே போனார். அன்றைய பக்கத்தில் 'ரசம். திருப்தி' என்று எழுதியிருக்கிறேன். என் வாழ்நாளில் வெறும் ரசத்துக்கு அப்படி எழுதியது அந்த ஒருநாள்தான்.

அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கம்போல மைனி கடையில் முட்டைக் குழம்பு சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை டீக்கடைக்குப் போனபோது அவர் பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சுற்றிப் பத்துப் பேர்.

"நேத்து திங்கக்கெழமைல்லா? மைனி கடையில மீன் கொழம்பு. ஒரு வாயி வச்சேன் பாரு, நாத்தம் கொடலப் பொரட்டிட்டு. சனிக்கெழம மீனுலே. புளியக் கூட ஊத்தி மறைக்கா."

ஊருக்கே தெரிந்த விஷயம், ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது என்பது. அதனாலேயே அந்தப் பொய் கச்சிதமாக உட்கார்ந்தது. கேட்டவர்கள் எல்லோரும் தாங்களாகவே கணக்குப் போட்டார்கள். திங்கட்கிழமை மீனென்றால் வேறு எந்த மீன்? மைனி அன்று மீனே வைப்பதில்லை என்று தெரிந்தவர்கள் கடையில் சாப்பிடும் கொஞ்சம் பேர்தான். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். மறுநாள் டயரியை எடுத்துக்கொண்டு போய், அத்தனை பேர் முன்னால் வாசித்தேன். "திங்கள். மதியம். மைனி கடை. சோறு, முட்டைக் குழம்பு, ரசம், அவரைக்காய். நன்று." அதற்கு முந்திய திங்களையும், அதற்கும் முந்திய திங்களையும் வாசித்தேன். எல்லாவற்றிலும் முட்டைக் குழம்பு.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு சுற்றிலும் பார்த்து, "ஏலே, சாரு தின்னதெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்காருலே" என்றார். "காலையில எழுந்து பின்னால போறதுக்கும் தனி நோட்டு வச்சிருக்கியளா சார்?"

பெஞ்சே குலுங்கியது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய்கூடச் சிரித்தார்.

"ஒங்களுக்கு ஊத்துனது முட்ட" என்றார் அவர், சிரிப்பு அடங்கியதும். "எனக்கு ஊத்துனது மீனு. அது ஒங்க நோட்டுல எப்படி சார் இருக்கும்?"

அவர் கண்களில் துளிக் கோபமும் இல்லை. முழுக்கச் சந்தோஷம். வெற்றிலைச் சாறு ஒழுகிய அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டயரியை மூடிக்கொண்டு நடந்தேன்.

மைனி கடையில் கூட்டம் குறைந்தது. பிறகு நின்றேபோனது. சில நாள் நான் ஒருவன் மட்டும் பெஞ்சில் இருப்பேன். சட்டி பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். டீக்கடையில் நான் டயரியை வாசித்தது அவள் காதுக்கும் போயிருந்தது. நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"நீங்க எதுக்கு சார் படிச்சிய?" என்றாள். "அதுவரைக்கும் ஒரு தெருவுலதான் பேச்சு. இப்ப மைனி கடைன்னாலே, அந்த நோட்டு, அந்த நாறின மீனுன்னு நாலு தெருவுல சிரிக்கான்."

"உண்மையைத்தானே மைனி வாசிச்சேன்?"

"உண்மைய வச்சு நான் என்ன செய்ய? ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு. இந்தச் சட்டி எறங்குனாத்தான் அங்க ஒலை ஏறும்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் போயிருக்கும். டீக்கடையில் அவர் உப்பு நக்கிக்கொண்டிருந்தார். மைனி தெருவில் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அண்ணாச்சி, நம்ம கடப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு."

அவர் உடனே நிமிர்ந்து பார்க்கவில்லை. பொட்டலத்தை மடித்தார். பைக்குள் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"கூப்பிட்டா வராமலா இருப்பேன்" என்றார். "கூப்பிடணும்லா?"

"அதான் கூப்பிட வந்திருக்கேன்."

அன்று மதியம் அவர் இலையில் மூன்று நடுத்துண்டு இருந்தது. மைனியின் கணவர் பக்கத்தில் நின்று விசிறினார். தரகர் முள்ளைச் சப்பிச் சப்பி இலைக்கு வெளியே, என் இலைக்குப் பக்கத்தில் துப்பினார். எழுந்து, கையைச் சாய்ப்புத் தட்டியில் துடைத்தார். தெருவில் போய் நின்று, "ஏலே, மீன் கொழம்புன்னா இதுலே! பழைய கை திரும்பிட்டு!" என்று கத்தினார். கை எங்கும் போயிருக்கவில்லை என்பதை அவர் நாக்கு அறியும். அதுதான் என்னால் தாங்க முடியாதது. தெரியாமல் தப்பாகச் சொல்கிறவனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பெஞ்சில் இடமில்லை. நாறிய மீன் என்று சிரித்த அதே ஆட்கள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை.

மைனிக்காக நான் சந்தோஷப்பட முயன்றேன். சில நாட்கள் அப்படி இருக்க முடிந்தது. அவருக்கென்று பெஞ்சின் ஓரத்தில் இடம் வைத்தாயிற்று. அகப்பை அவருக்கு மட்டும் சட்டியில் நடுத்துண்டைத் தேடிப் போயிற்று. இதையெல்லாம் ஐயங்கார் செய்யவில்லையா, பரோட்டா மாஸ்டர் செய்யவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை போனேன். முட்டைக் குழம்பு என்று நினைத்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் தங்கச் சங்கிலி போட்ட கேரளத்து உப்பு வியாபாரி ஒருவர் இருந்தார். சட்டியைத் திறந்ததும் மீன் வாடை வந்தது. ஐஸில் இருந்து வந்த மீனுக்கு ஒரு வாடை உண்டு. அதன் மேல் புளியும் வெந்தயமும் வழக்கத்துக்கு அதிகமாக இருந்தன. விருந்தாளிக்கு மைனி கடை மீன் குழம்பு வேண்டுமென்று அவர் சனிக்கிழமையே சொல்லி வைத்திருந்தாராம். பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

மைனி முதலில் அவருக்கு ஊற்றினாள். நடுத்துண்டு. ஊற்றிவிட்டு நகரவில்லை, அகப்பையோடு நின்றாள்.

அவர் ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டிருந்த வாய் ஒரு நொடி நின்றது. குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பிரித்துச் சொன்ன நாக்கு. அவர் மைனியை நிமிர்ந்து பார்த்தார். மைனி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் விழுங்கினார்.

"காலையில வந்த மீனு" என்றார் வியாபாரியிடம். "துள்ளுது பாத்தியளா?"

வியாபாரி தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார். பெஞ்சு முழுக்கச் சாப்பிட்டது. திரேஸ்புரத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் மீன் வராது என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள். அவர்களும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மைனி என் இலைக்கு வந்தாள். அகப்பையைச் சாய்க்காமல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சாருக்கு ஒரு முட்ட பொரிச்சுத் தரட்டா?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவும்போது பின்னால் அவர் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கலே! சாரு எந்திரிச்சுட்டாரு, எடம் இருக்கு!"